போர்டு கேமில் இல்லாத கரைக்காரர்கள்

நம்மூரில் போர்டு கேம் என்றால் கேரம், செஸ், தாயம், பரமபதம், அப்புறம் அந்த 'வியாபாரம்'... இவ்வளவுதான் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் வரும். கொஞ்சம் கிராமத்துப் பக்கம் போனால் பல்லாங்குழியும் ஆடு புலி ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்றே ஆக வேண்டும். வீட்டில் தாயம் ஆடி, வெட்டுப்பட்ட சித்தி ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாத கதையெல்லாம் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

இதற்கு நேர்மாறாக, ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே கட்சி, எதிர்க்கட்சி அந்த ஆட்டமே என்று அமைந்த விளையாட்டுகளும் இருக்கின்றன. கோ-ஆபரேட்டிவ் கேம் என்கிறார்கள். (கோ-ஆபரேட்டிவ் என்றதும் பி.காம். படிக்கும் எனக்குக் கூட்டுறவுச் சங்கமும் அதன் பைலாவும்தான் முதலில் ஞாபகம் வந்தன. படிப்பு அப்படி!) கூட்டு ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தால் எல்லோரும் ஜெயிப்போம். தோற்றால் எல்லோரும் தோற்போம். சித்தி கோபித்துக்கொள்ள வழியே இல்லை :-)

அப்படிப்பட்ட ஒன்றுதான் 'வி-கமாண்டோஸ்'. 2016-ல் கனடாவின் ட்ரைட்டன் நுவார் நிறுவனம் வெளியிட்டது. வடிவமைத்தவர் திபோ டி லா டுவான். பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பனின் அண்ணன் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தார். ஐப்பசி அடைமழையில் கல்லூரிக்கு விடுமுறை விட்ட நாட்களில் நாலு பேர் உட்கார்ந்து ஆடித் தீர்த்தோம்.

கதைக்களம் இரண்டாம் உலகப் போர். ஜெர்மனி பிடித்து வைத்திருக்கும் ஐரோப்பியப் பகுதிக்குள் நாம் சின்னக் கமாண்டோ படையாக நுழைய வேண்டும். சதுர அட்டைகளை அடுக்கினால் அதுதான் வரைபடம். ஒரு அட்டை காடு, இன்னொன்று ராணுவக் கட்டடம், இப்படி. ஒருவர் சாரணர், ஒருவர் மருத்துவர், ஒருவர் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுபவர் என்று ஆளுக்கொரு திறமை. கொடுத்த வேலையை முடித்துவிட்டு உயிரோடு வெளியேற வேண்டும்.

ஆட்டத்தின் உயிர்நாடி 'மறைநிலை'. ஆரம்பத்தில் நாம் யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கிறோம். எதிரி நிற்கும் அட்டைக்குள் போகும்போது பகடை உருட்ட வேண்டும். விழுந்த எண் சரியில்லை என்றால் நம்மைப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்கப்புறம் எதிரிகள் எல்லோரும் நம்மை நோக்கி நகர ஆரம்பிப்பார்கள். கத்தி சத்தமில்லாத ஆயுதம். துப்பாக்கியை எடுத்தால் ஊரே எழுந்துவிடும். நேரம் ஆக ஆக எதிரிக்கு ஆள் கூடிக்கொண்டே போகும். எதிரியை ஆட்டுவிக்கத் தனியாக ஒரு ஆட்டக்காரர் கிடையாது. அட்டைகளும் விதிகளும் பார்த்துக்கொள்ளும்.

சும்மா சொல்லக்கூடாது, அருமையான ஆட்டம். "நீ இந்தப் பக்கம் போய்க் கவனத்தைத் திருப்பு, நான் அந்தப் பக்கமா வெடிய வச்சிட்டு வாரேன்" என்று நாலு தலைகள் ஒன்றாகக் குனிந்து குசுகுசுவென்று திட்டம் போடுவதில் ஒரு தனி சுகம். கேட்பதற்கு எதிரியே இல்லாத அறையில் எதற்குக் குசுகுசுப்பு என்று கேட்காதீர்கள். தானாக வந்துவிடுகிறது.

நிற்க. ஆட்டத்தைப் புகழ்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை.

மூன்றாவது நாள் ஆட்டத்தில் கூட இருந்தவன் திரேஸ்புரத்துக்காரன். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இருட்டைப் பயன்படுத்தி ஊருக்குள் நுழைய வேண்டும் என்று நான் குறிப்பைப் படித்துச் சொன்னதும் அவன் சிரித்துவிட்டான். "ஏல, ராத்திரின்னா கரையில ஒருத்தனும் இருக்க மாட்டான்னு எவம்ல சொன்னான்? ராத்திரிதாம்ல எங்களுக்குப் பகல். மோட்டார் சத்தத்த வச்சே யாரு வள்ளம் வருதுன்னு எங்க அப்பா சொல்லிருவாவ."

அப்போதுதான் அட்டைகளை மறுபடி பார்த்தேன். காடு இருக்கிறது, வீடு மாதிரி கட்டடம் இருக்கிறது, சாலை இருக்கிறது. ஆனால் அங்கே குடியிருக்கிறவர்கள் யாரும் இல்லை! நாங்கள் இருக்கிறோம், எதிரிச் சிப்பாய்கள் இருக்கிறார்கள். மாடு ஓட்டிக்கொண்டு போகிற கிழவர், வலை பின்னுகிற ஆள், தண்ணீர் எடுக்க வந்த பெண் என்று ஒருத்தர்கூடக் கிடையாது. பிறகு வந்த 'ரெசிஸ்டன்ஸ்' என்ற கூடுதல் தொகுப்பில் உள்ளூர் எதிர்ப்பு இயக்கத்தினர் வருகிறார்கள். ஆனால் அவர்களும் போராளிகள்தான். தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சாதாரண ஆள் அதிலும் கணக்கில் இல்லை.

இது அட்டைப் பெட்டி விளையாட்டுதானே, இதற்கெல்லாம் வருத்தப்படலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் காலத்தில் நிஜமாகவே நடந்த ஊடுருவல் கதைகளைப் படிக்கப் படிக்க, ஆட்டத்தில் விட்டுப்போன அந்தக் கரைக்காரர்தான் பல இடங்களில் முடிவைத் தீர்மானித்திருக்கிறார் என்று தெரிகிறது. சில இடங்களில் விலையையும் அவரே கொடுத்திருக்கிறார்.

நம் பக்கத்துக் கதையிலிருந்தே ஆரம்பிப்போம்.

1942 ஏப்ரல் மாதம். ஜப்பானிய விமானங்கள் 5-ஆம் தேதி கொழும்பில் குண்டு போட்டன. 6-ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9-ஆம் தேதி திரிகோணமலை. மதராஸ் நகரத்தைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் உள்நாட்டுக்கு ஓடினார்கள். 'எவாக்குவேஷன்' என்ற வார்த்தையை அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் மதராஸ் துறைமுகத்தில் குண்டு போட்டதற்கப்புறம் கடலைப் பார்த்து ஜனங்கள் அப்படிப் பயந்தது 1942-ல்தான். (அந்த எம்டனும் மறைந்து வருவதில் கில்லாடி. பொய்யாக நாலாவது புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போடும். இன்றைக்கும் விவரமான ஆளை "அவன் சரியான எம்டன்" என்கிறோமே, சும்மா வரவில்லை அந்தப் பெயர்.)

அந்த 1942-ல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கையில். பினாங்கில் இந்திய சுயராஜ்ய நிலையம் என்று ஒரு பயிற்சிக்கூடம் ஆகஸ்டில் ஆரம்பமானது. பொறுப்பு, பினாங்கு வழக்கறிஞரும் இந்திய சுதந்திர லீக் தலைவர்களில் ஒருவருமான என்.ராகவன். அங்கே பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலோர் மலையாளி இளைஞர்கள். இந்தியாவுக்குள் ரகசியமாக நுழைந்து, தகவல் சேகரித்து, வெள்ளைக்கார ஆட்சிக்கு எதிராக வேலை செய்ய வேண்டும் என்பது திட்டம்.

செப்டம்பர் 18-ஆம் தேதி பினாங்கிலிருந்து ஒரு நீர்மூழ்கிக் கப்பல் ஐந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அவர்களில் ஒருவர் வக்கம் அப்துல் காதர். திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள வக்கம் ஊர்க்காரர். 1938-ல் பிழைப்புக்காக மலேயா போனவர். வயது 25. கூட வந்தவர்களில் இன்னொருவர் அனந்தன். செப்டம்பர் 27-ஆம் தேதி மலபாரில் தாணூர் கரைக்கு அப்பால் அவர்களைச் சின்னப் படகில் இறக்கிவிட்டு நீர்மூழ்கி மறைந்துவிட்டது. இன்னொரு குழுவைக் கத்தியவார் கரைக்கும், வேறு சிலரைப் பர்மா எல்லை வழியாகத் தரைமார்க்கமாகவும் அனுப்பினார்கள்.

தாணூரில் இறங்கியவர்கள் கரையேறியதுமே பிடிபட்டார்கள். மற்றவர்களும் அடுத்தடுத்து மாட்டினார்கள்.

ஏன் இப்படி ஆனது? பயிற்சி தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத பையன்கள் என்பது ஒரு காரணம். ஆனால் எனக்குத் தோன்றுவது வேறு. திட்டம் போட்டவர்கள் கடலைப் பார்த்தார்கள், கரையைப் பார்க்கவில்லை. நீர்மூழ்கி யார் கண்ணிலும் படாமல் ஒன்பது நாள் வந்துவிட்டது. அது சாமர்த்தியம்தான். ஆனால் அதற்கப்புறம்? ஏப்ரல் குண்டுவீச்சுக்கப்புறம் கடற்கரை முழுக்கப் பயமும் சந்தேகமும் நிறைந்திருந்த நேரம் அது. ஒரு கடற்கரை ஊரில் முன்பின் தெரியாத ஐந்து பேர் கடலிலிருந்து ஈரத்துணியோடு வந்து இறங்கினால் எப்படித் தெரியாமல் போகும்? பாஷை தெரியும், நிறம் ஒன்று, உடுப்பு ஒன்று என்பதெல்லாம் போதாது. "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்ற ஒரே ஒரு கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. அவர்களை எதிர்பார்த்துக் கதவைத் திறந்து வைத்திருக்க அந்தக் கரையில் ஒரு வீடும் இல்லை.

ஆட்டத்தோடு ஒப்பிட்டால் இன்னொரு விஷயமும் உறைக்கிறது. கூட்டு ஆட்டத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். பலகை முழுவதும் எல்லார் கண்முன்னாலும் விரிந்து கிடக்கும். பினாங்கில் நடந்ததோ வேறு. தன்னிடம் பயிற்சியில் இருந்த பையன்களைத் தனக்குத் தெரியாமலே ஜப்பானியர்கள் அழைத்துக்கொண்டு போய் அனுப்பியதை அறிந்து ராகவன் கொதித்துப்போனார். பயிற்சிக்கூடத்தையே மூடினார். ஜப்பானியர்கள் அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர்களுக்கும் மோகன் சிங் தலைமையில் இருந்த முதல் இந்திய தேசிய ராணுவத்துக்கும் உறவு முறிந்ததே, அதற்கு இருந்த பல காரணங்களில் இந்த விவகாரமும் ஒன்று.

அப்புறம், ஆட்டத்தில் பிடிபட்டால் காயை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவோம். நிஜத்தில் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மாதக்கணக்கில் சிறை, விசாரணை. 1943-ல் எதிரி உளவாளிகள் அவசரச் சட்டத்தின் கீழ் மதராஸில் வழக்கு நடந்தது. ஏப்ரல் 1-ஆம் தேதி ஐந்து பேருக்குத் தூக்கு என்று தீர்ப்பு. மேல் பரிசீலனையில் போனிபேஸ் பெரைரா மட்டும் தப்பினார். வக்கம் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய நாலு பேரையும் 1943 செப்டம்பர் 10-ஆம் தேதி மதராஸ் சிறையில் தூக்கில் போட்டார்கள். ஒரு முஸ்லிம், ஒரு சீக்கியர், ஒரு வங்காளி, ஒரு மலையாளி இந்து. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பழைய சிறை 2009-ல் இடிக்கப்பட்டுவிட்டது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகிற எத்தனையோ பேர் அந்த இடத்தைத் தாண்டித்தான் பேருந்து பிடிக்கிறோம். காதருக்குச் சாகும்போது வயது 26. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்.

சரி, தோற்ற கதையைப் பார்த்தோம். ஜெயித்த கதை?

இது காமர்ஸ் மாணவர்களுக்குப் பிடிக்கும். 1943 மார்ச் 9, போர்த்துகீசியர் கையில் இருந்த கோவாவின் மர்மகோவா துறைமுகம். போர்த்துகல் நடுநிலை நாடு என்பதால் மூன்று ஜெர்மன் கப்பல்களும் ஒரு இத்தாலியக் கப்பலும் அங்கே ஒதுங்கி நின்றன. அவற்றில் 'ஏரன்ஃபெல்ஸ்' என்ற கப்பலிலிருந்து நேசநாட்டுக் கப்பல்களின் விவரம் நீர்மூழ்கிகளுக்கு வானொலியில் போகிறது என்று பிரிட்டிஷார் நம்பினார்கள். நடுநிலை நாட்டில் ராணுவத்தை அனுப்ப முடியாது. யாரை அனுப்பினார்கள் தெரியுமா? கல்கத்தா லைட் ஹார்ஸ், கல்கத்தா ஸ்காட்டிஷ் என்ற பகுதிநேரப் படைகளில் பெயருக்கு இருந்த நடுவயதுக்காரர்களை! சணல் கம்பெனி, தேயிலை, பேங்க், கணக்குவழக்கு என்று ஆபீசில் உட்கார்ந்து தொப்பை போட்டவர்கள். மண் அள்ளும் 'ஃபீபி' என்ற படகில் கல்கத்தாவிலிருந்து ஒரு பிரிவு கிளம்ப, மற்றவர்கள் ரயிலில் கொச்சி வந்து ஏறிக்கொண்டார்கள். இரவில் ஏரன்ஃபெல்ஸில் ஏறினார்கள். அதன் கேப்டன் கொல்லப்பட்டார், கப்பல் மூழ்கியது. மற்ற மூன்று கப்பல்களையும் அதனதன் மாலுமிகளே மூழ்கடித்தார்கள். விஷயம் பல ஆண்டுகள் ரகசியமாக இருந்து 1978-ல் புத்தகமாகவும், 1980-ல் 'தி சீ வுல்வ்ஸ்' என்ற படமாகவும் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அன்றிரவு கரையில் நடந்த ஏற்பாடு. மாலுமிகளை இறக்கிக் கரைக்குக் கொண்டுபோக ஊருக்குள் விருந்தும் கேளிக்கையும் காசு கொடுத்து ஏற்பாடு செய்திருந்தார்கள். அதாவது கடலில் போனவர்கள் ஜெயிக்கும் முன்பே கரையைச் சரிக்கட்டியிருந்தார்கள். தாணூர்க்காரர்களுக்கு வாய்க்காதது இதுதான்.

அடுத்தது உலகம் முழுக்க 'வெற்றி' என்று கொண்டாடும் கதை. பெயர் ஆபரேஷன் ஜேவிக். 1943 செப்டம்பர் 2-ஆம் தேதி மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவிலிருந்து 'கிரெய்ட்' என்ற சின்ன மீன்பிடிப் படகில் 14 பேர் கிளம்பினார்கள். தலைவர் ஐவன் லயன். படகே முன்பு ஜப்பானியரிடமிருந்து கைப்பற்றியதுதான். உடம்பில் பழுப்புச் சாயம், இடுப்பில் கைலி, கொடிமரத்தில் ஜப்பான் கொடி. தூரத்திலிருந்து பார்த்தால் மீன்பிடிக்கிறவர்கள். கிட்டே வந்து பார்த்தால் குட்டு வெளிப்படும் என்பதால் மற்ற படகுகளைக் கண்டாலே விலகிப் போனார்கள். செப்டம்பர் 26 இரவு மூன்று துடுப்புப் படகுகளில் ஆறு பேர் சிங்கப்பூர் துறைமுகத்துக்குள் புகுந்து, கப்பல்களின் அடியில் காந்தக் கண்ணிவெடிகளை ஒட்டிவிட்டு வந்தார்கள். ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமாயின என்று கணக்கு. 14 பேரும் அக்டோபர் 19-ல் பத்திரமாக ஊர் திரும்பினார்கள். வி-கமாண்டோஸில் ஆடினால் இதைவிடச் சுத்தமான வெற்றி கிடையாது.

ஆனால் சிங்கப்பூரில்? கடல் வழியாக வந்து யாராவது இதைச் செய்திருப்பார்கள் என்று ஜப்பானியருக்குத் தோன்றவே இல்லை. ஊருக்குள் இருப்பவர்களும் சாங்கி முகாமில் அடைபட்டிருந்த வெள்ளைக்காரக் குடிமக்களும் சேர்ந்து செய்த சதி என்று முடிவு கட்டினார்கள். அக்டோபர் 10-ஆம் தேதி ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்தாய் கைது வேட்டையை ஆரம்பித்தது. 57 பேர் பிடிபட்டார்கள். மாதக்கணக்கில் சித்திரவதை. அவர்களில் 15 பேர் இறந்துபோனார்கள். ஒருவருக்கும் அந்தத் தாக்குதலோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. பத்தாம் மாதம் பத்தாம் தேதி என்பதால் 'டபுள் டென்த்' என்று அதைச் சொல்கிறார்கள்.

ரகசியம் எவ்வளவு நன்றாகக் காப்பாற்றப்பட்டதோ அவ்வளவுக்கு அந்த 57 பேர் மாட்டிக்கொண்டார்கள். மறைந்து வந்தவர்கள் மறைந்தே போய்விட்டதால், கண்ணுக்குத் தெரிந்தவர்கள் மேல் பழி விழுந்தது.

அடுத்த வருடம் லயன் அதே சிங்கப்பூருக்கு 'ரிமாவ்' என்ற பெயரில் மறுபடி போனார். இந்தத் தடவை 23 பேர். 1944 அக்டோபர் 10-ஆம் தேதி உள்ளூர் மலாய்க் காவலர்கள் இருந்த ஒரு ரோந்துப் படகு என்ன ஏதென்று பார்க்க நெருங்கியபோது இவர்கள் பக்கமிருந்து சுட்டுவிட்டார்கள். குட்டு உடைந்தது. 23 பேரில் ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை. அவ்வளவு பெரிய திட்டம் ஒரு உள்ளூர்ப் படகால் முடிந்துபோனது.

இதெல்லாம் பழங்கதை, இப்போது ராடார் இருக்கிறது, சாட்டிலைட் இருக்கிறது என்பீர்கள். 2008 நவம்பர் 26-ஐ நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கடத்தி, அதிலிருந்த மீனவர்களைக் கொன்றுவிட்டு மும்பைக்கு வந்தார்கள். ரப்பர் படகில் அவர்கள் இறங்கிய இடம் கஃப் பரேட் மீனவர் குடியிருப்பு. அவர்களை முதலில் பார்த்து "யார் நீங்கள்?" என்று கேட்டது ராடார் கிடையாது, அங்கே இருந்த மீனவர்கள். அவர்கள் சொன்ன தகவலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று பின்னால் செய்திகள் வந்தன.

அதற்கப்புறம்தான் நம் கரையிலும் நிறைய மாறியது. மீனவர்களுக்கு அடையாள அட்டை, அவசரத்துக்கு 1093 என்ற எண். தூத்துக்குடிக்காரர்களுக்கு 'சாகர் கவாச்' ஒத்திகை தெரிந்திருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போலவே நடக்கும். போலீசாரில் சிலர் தீவிரவாதி வேஷத்தில் படகில் வந்து துறைமுகத்துக்குள்ளோ ஊருக்குள்ளோ நுழையப் பார்ப்பார்கள். கடற்படை, கடலோரக் காவல்படை, உள்ளூர் போலீஸ் எல்லாம் சேர்ந்து பிடிக்கப் பார்ப்பார்கள். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு கூட்டு ஆட்டம்தான். பலகை மட்டும் வேம்பாரிலிருந்து மணப்பாடு வரைக்கும் விரிந்த நிஜக் கரை!

இந்தக் கரைக்குக் காவல் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் எந்தப் பாரில் எந்தப் படகு நிற்கிறது, எத்தனை சிப்பி கரைக்கு வந்தது என்று எண்ணிக்கொண்டே இருந்த கரை இது. 1961-க்கப்புறம் முத்துக்குளிப்பு இல்லை. கண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை என்று இரவில் இலங்கைக்குக் கடத்தப் பார்த்துப் பிடிபடும் செய்திகள் அடிக்கடி வருகின்றனவே, அவற்றில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: "கிடைத்த ரகசியத் தகவலின் பேரில்". அந்த ரகசியத் தகவல் வானத்திலிருந்து விழுவதில்லை. கரையில் யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார், சொல்லியிருக்கிறார். அவர் பெயர் செய்தியில் வராது. வரவும் கூடாது. வந்தால் அவருக்குத்தான் ஆபத்து.

இதையெல்லாம் பேசிப் பேசி, நாங்கள் ஆட்டத்தில் சொந்தமாக ஒரு விதியைச் சேர்த்தோம். அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து பன்னிரண்டு சட்டைப் பட்டன். கட்டடத்துக்கு வெளியே உள்ள அட்டைகளில் ஆளுக்கு ஒன்றாக வைத்தோம். ஒரு பட்டன் என்றால் அங்கே குடியிருக்கும் ஒருவர். நாம் அந்த அட்டைக்குள் போனால் அவர் நம்மைப் பார்த்துவிடுவார். அதற்குப் பகடை கிடையாது, பார்ப்பார் என்பது நிச்சயம். அவரிடம் உதவி கேட்டால் ஒரு நகர்வு கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் பிற்பாடு அந்த அட்டையில் எதிரிக்கு நம் தடயம் கிடைத்தால் பட்டனைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அவரை விசாரணைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அர்த்தம்.

முதல் ஆட்டத்தில் எல்லோரிடமும் உதவி கேட்டோம். வேலை ஜோராக முடிந்தது. வெளியேறிய பிறகு எண்ணிப் பார்த்தால் ஐந்து பட்டன்கள் கவிழ்ந்து கிடந்தன. "ஜெயிச்சாச்சுல்லா" என்று ஒருவன் கையைத் தட்டினான். திரேஸ்புரத்துக்காரன் மட்டும், "ஜெயிச்சாச்சு. அஞ்சு பேரு உள்ள போயிட்டாவளே, அவுகள யாரு எடுக்கது?" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்தில் ஒரு பட்டனையும் தொடாமல் சுற்றிச் சுற்றிப் போனோம். நேரம் ஓடி, எதிரிப் படை பெருகி, பாதி வழியிலேயே தோற்றோம். மூன்றாவது ஆட்டத்தில் இரண்டே பேரிடம் கேட்டோம். ஒன்று கவிழ்ந்தது, வேலையும் முடிந்தது. அந்த ஒன்று சரியா தப்பா என்று ஆட்டம் முடிந்தும் அரை மணி நேரம் சண்டை. அந்த அட்டைப் பெட்டியில் நாங்கள் ஆடியதிலேயே நல்ல ஆட்டம் அதுதான்.

கணக்கியலில் ஒரு அடிப்படைப் பாடம் உண்டு. ஒவ்வொரு பற்றுக்கும் எங்கேயோ ஒரு வரவு இருந்தாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் இருப்புநிலைக் குறிப்பு ஒத்துவராது. ஜேவிக் கதையை வெற்றி என்று எழுதுகிறவர்கள் ஏழு கப்பலை ஒரு பக்கம் எழுதிவிடுகிறார்கள். 15 உயிரை இன்னொரு கணக்குப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். இரண்டு புத்தகத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் கணக்கு. தாக்குதலே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. போரை ஜெயிக்க அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் செலவை எழுதாமல் லாபம் காட்டக்கூடாது.

இதே கணக்கு இன்றைக்கும் பொருந்தும். மீனவர்கள் நாட்டின் கண்ணும் காதும் என்று அதிகாரிகள் மேடையில் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் சம்பளம் இல்லை. நடுக்கடலில் சோதனை என்று படகை நிறுத்தினால் அன்றைய பாடு போச்சு. அட்டை கையில் இல்லை என்றால் அவரே சந்தேகத்துக்குரியவர். புதுப் படகு ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னால், "நீ ஏன் அங்கே போனாய்?" என்று முதல் கேள்வி அவரிடம்தான். காவலுக்கும் அவர்தான், சந்தேகத்துக்கும் அவர்தான் என்றால் அடுத்த தடவை எதற்குச் சொல்வார்? மும்பையில் ஒரு தடவை சொன்னார்கள், யாரும் கேட்கவில்லை. சொன்னால் கேட்பார்கள், சொன்னவருக்குத் தொல்லை வராது என்ற நம்பிக்கைதான் ராடாரைவிடப் பெரிய காவல். அந்த நம்பிக்கையைக் கட்டுவதற்கு ஆகும் செலவையும் பாதுகாப்புச் செலவில்தான் சேர்க்க வேண்டும்.

நண்பர்களே, எங்கேயாவது இந்த ஆட்டம் உங்கள் கைக்குக் கிடைத்தால் தாராளமாக ஆடிப் பாருங்கள். ஆடுவதற்கு முன் வீட்டுத் தையல் டப்பாவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பட்டன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விதிகளை இன்னும் நன்றாக யோசித்தால் எனக்கும் எழுதுங்கள். கவிழ்ந்த பட்டனை மறுபடி நிமிர்த்த ஒரு விதி வேண்டும் என்று நாங்கள் நாலு பேரும் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.